மண்டபத்து வாசல் எங்கே நிற்கிறது? பாக்கெட்டுகளைக் கண்ணால் பார்க்க ஒரு செய்முறை

தென்காசியில் நடக்கவிருந்த கல்யாணத்துக்காக, மண்டபத்தின் படத்தைப் பாளையங்கோட்டை வீட்டுக் கணினியில் திறந்தேன். வெளியே ஐப்பசி மழை. மேற்கூரை வரைக்கும் வந்த படம் அப்படியே நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்த பெரியம்மா கேட்டாள்: "மேக்கூரை வந்துட்டு, வாசல் எங்கலே நிக்கு?"

எத்தனை அருமையான கேள்வி! அதற்கு விடை தேடித்தான் இந்தச் செய்முறை. விண்டோஸ் கணினி ஒன்று இருந்தால் போதும்.

படி 1: கணினியைத் தொடுமுன்

அந்தக் காலத்து டிரங்க் காலில், பேசி முடிக்கும் வரை முழு லைனும் நமக்கே. நாம் சும்மா இருந்தாலும் வேறு யாரும் அதில் பேச முடியாது. கணினியோ விட்டு விட்டுத்தான் தகவல் அனுப்பும். லைன் பெரும்பாலும் வீணாகக் கிடக்கும். 1960களில் அமெரிக்காவில் பால் பாரனும் பிரிட்டனில் டொனால்ட் டேவிஸும் தனித்தனியே ஒரே வழியைக் கண்டார்கள்: தகவலைத் துண்டு போட்டு, பொதுப் பாதையில் அனுப்புவது. 'பாக்கெட்' என்ற பெயர் டேவிஸ் வைத்தது.

திருநெல்வேலியிலிருந்து 40 பேர் தென்காசிக் கல்யாணத்துக்குப் போகிறார்கள். தனி வண்டி இல்லை. கிடைத்த பஸ்ஸில் ஏறுகிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் மண்டபத்து முகவரியும் வரிசை எண்ணும் எழுதிய சீட்டு. ஆலங்குளம் சாலை அடைபட்டால் அம்பாசமுத்திரம் வழி. யார் முன்னே வந்தாலும் மண்டபத்தில் எண்படிதான் உட்கார வேண்டும். பாக்கெட்டும் இப்படித்தான்.

படி 2: ஒரு பாக்கெட் எவ்வளவு பெரிது?

தேடல் கட்டத்தில் சி, எம், டி என்ற மூன்று ஆங்கில எழுத்தை அடித்து என்டர் தட்டுங்கள். கறுப்புத் திரை வரும். அதில் பி, ஐ, என், ஜி; இடைவெளி; கழித்தல் குறியோடு எஃப்; இடைவெளி; கழித்தல் குறியோடு எல்; இடைவெளி; 1472; இடைவெளி; 1.1.1.1. எல்லாம் சின்ன எழுத்தில். 1.1.1.1 என்ற முகவரியில் உள்ள இணையக் கணினிக்கு 1472 பைட் தகவலைத் துண்டாக்காமல் அனுப்பு என்பது இதன் பொருள். பதில் வந்தால் 1473 போட்டுப் பாருங்கள். துண்டாக்காமல் அனுப்ப முடியாது என்று மறுத்துவிடும். 1472உடன், கல்யாணச் சீட்டு போன்ற தலைப்புத் தகவல் 28 பைட் சேர்ந்தால் 1500. ஈதர்நெட் என்ற கம்பி வலையமைப்பின் வழக்கமான எல்லை அது. சில பிராட்பேண்ட் இணைப்பில் 1464லேயே நின்றுவிடும், பயப்பட வேண்டாம்.

படம் வரும்போது தலைப்புத் தகவல் இன்னும் கொஞ்சம் பெரிது, அதனால் ஒரு பாக்கெட்டில் சுமார் 1460 பைட் ஏறும். 30 லட்சம் பைட் உள்ள படத்துக்கு 2,055 பாக்கெட் வேண்டும்.

படி 3: எந்த வழியாகப் போகிறது?

எனக்கு மிகப் பிடித்த இடம் இது. டி, ஆர், ஏ, சி, இ, ஆர், டி என்று அடித்து, இடைவெளி விட்டு 1.1.1.1 கொடுங்கள். வரி வரியாக விழும். முதல் வரி பெரும்பாலும் உங்கள் வீட்டு ரவுட்டர் (பாக்கெட்டை அடுத்த இடத்துக்குத் தள்ளிவிடும் பெட்டி), அதன் முகவரி 192.168 என்று தொடங்கும். அடுத்தடுத்து இணைய நிறுவனத்தின் ரவுட்டர்கள்.

இது எப்படித் தெரிகிறது? ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஓர் ஆயுள் எண் உண்டு. ரவுட்டர் ஒவ்வொன்றும் அதில் ஒன்றைக் குறைக்கும். பூஜ்யமானால் பாக்கெட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, "இங்கே முடிந்தது" என்று தகவல் அனுப்பும். நம் கட்டளை முதலில் ஆயுள் 1 வைத்து அனுப்புகிறது, பிறகு 2, பிறகு 3. ஒவ்வொரு ரவுட்டராகத் தன் முகவரியைச் சொல்லிவிடுகிறது. வரிக்கு மூன்று முறை சோதிப்பதால்தான் மூன்று நேரக் கணக்கு. நட்சத்திரக் குறி விழுந்தால் அந்த ரவுட்டர் பதில் சொல்லவில்லை என்றுதான் பொருள்; பழுது என்று முடிவு கட்டாதீர்கள்.

எந்த ரவுட்டருக்கும் முழு வழியும் தெரியாது. அடுத்து யாரிடம் கொடுக்க வேண்டும் என்பது மட்டும் தெரியும்.

படி 4: வாசல் நின்ற இடம்

700ஆவது பாக்கெட் வழியில் தொலைந்தது என்று வைப்போம். (நிஜத்தில் எண் பைட் கணக்கில் ஓடும், புரிவதற்காகப் பாக்கெட் எண் சொல்கிறேன்.) 701, 702, 703 எல்லாம் வந்து சேர்ந்துவிடும். ஆனால் துண்டுகளைச் சேர்ப்பதற்கான டிசிபி என்ற இணைய விதிப்படி வரிசை தப்பிப் பிரவுசரிடம் கொடுக்கக் கூடாது. அதனால் ஒவ்வொன்று வரும்போதும் நம் கணினி, "எனக்கு 700 வேண்டும்" என்றே பதில் அனுப்பும். 699 வந்தபோது சொன்னதையும் சேர்த்து அதே பதில் நான்காவது முறை வந்ததும் அனுப்பிய பக்கம் தன்னிடமுள்ள நகலிலிருந்து 700ஐ மறுபடி அனுப்பிவிடும்.

ஆகவே பெரியம்மாவிடம் சொன்னேன்: "வாசல் நம்ம வீட்டுக்கே வந்திருக்கும் பெரியம்மா. அதுக்கு முந்தின துண்டு வரலை, அதான் உள்ளேயே காத்துட்டு இருக்கு."