பிளாஸ்டிங் வால்வு சீக்கிரம் தேய்ந்துபோகிறதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிளாஸ்டிங் என்பது அழுத்தக் காற்றில் துகள்களை அடித்து உலோகத்தைச் சுத்தம் செய்வது. அதில் எவ்வளவு துகள் போக வேண்டும் என்று கட்டுப்படுத்தும் மீட்டரிங் வால்வு தேய்ந்தபின் கழற்றிப் பார்த்தால், தேய்மானம் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருக்காது. அதன் உள்ளுறையான ஸ்லீவின் ஒரு பக்கத்தில் கடைசல் கோடுகள்கூட அழியாமல் அப்படியே இருக்கும். எதிர்ப்பக்கத்தில் நகம் நுழையும் அளவுக்குப் பள்ளம் விழுந்து, அதன் விளிம்பு கத்திபோல் கூர்மையாகியிருக்கும். பல பட்டறைகளில் இதைத் தூக்கிப் போட்டுவிட்டு, இன்னும் கடினமான உலோகத்தில் செய்த, விலை கூடிய வால்வை வாங்கி மாட்டுகிறார்கள். பள்ளம் ஏன் அந்தப் பக்கத்தில் மட்டும் விழுந்தது என்று கேட்பவர்கள் குறைவு. அதற்கு விடை தெரியாமல் எந்த வால்வை மாட்டினாலும் அதே இடத்தில்தான் ஓட்டை விழும்.

உலோகப் பரப்பிலிருந்து துருவையும் பழைய பெயின்டையும் நீக்க, ஏறக்குறைய 7 பார் அழுத்தக் காற்றில் கிரிட், கார்னெட், அலுமினியம் ஆக்சைடு போன்ற துகள்களைக் கலந்து அடிக்கிறோம். இரும்பையே சுரண்டும் துகள், போகிற வழியில் இருக்கும் வால்வையும் சுரண்டத்தான் செய்யும். ஆனால் எவ்வளவு சுரண்டும் என்பது பெரிதும் வேகத்தைப் பொறுத்தது. துகளின் வேகம் இரட்டித்தால் தேய்மானம் இரட்டிப்பதோடு நிற்காது. தோராயமாக 4 மடங்கிலிருந்து 8 மடங்கு வரை கூடும். ஆகவே துகள் வால்வைக் கடக்கும் இடத்தில் அதன் வேகத்தைக் குறைப்பதுதான் முதல் பாதுகாப்பு. கீழே சொல்லும் தவறுகளில் பலவும் தெரியாமலே அந்த வேகத்தைக் கூட்டிவிடுபவை.

சோக் வால்வைப் பாதி மூடி வைப்பது

இதையே மிகப் பெரிய தவறு என்பேன். துகள்களை நிரப்பி வைக்கும் அழுத்தக் கலமான பிளாஸ்டிங் பாட்டுக்கு (pot) வரும் காற்று இரண்டாகப் பிரிகிறது. ஒரு பகுதி பாட்டின் உள்ளே போய்த் துகள்களின் மேல் நிற்கிறது. மற்றொரு பகுதி சோக் வால்வு வழியாகக் கீழே வந்து ஹோஸுக்குப் போகிறது. சோக் வால்வு முழுவதும் திறந்திருந்தால் மீட்டரிங் வால்வுக்கு மேலும் கீழும் அழுத்தம் ஏறக்குறைய சமமாக இருக்கும். துகள் தன் எடையால் மெதுவாக விழுந்து காற்றில் கலக்கும். வால்வு நீண்ட நாள் உழைப்பது இந்த நிலையில்தான்.

துகள் சரியாக வரவில்லை என்று சோக் வால்வைச் சற்று மூடினால், கீழே அழுத்தம் குறைந்துவிடுகிறது. பாட்டுக்குள் இருக்கும் கூடுதல் அழுத்தம், துகளோடு காற்றையும் சேர்த்து மீட்டரிங் வால்வின் இடுக்கு வழியாகப் பீய்ச்சுகிறது. ஹோஸின் முனையிலுள்ள நாசிலில் நடக்க வேண்டிய வேலை வால்வுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. வேலை நடக்கும்போது சோக் வால்வு முழுவதும் திறந்தே இருக்க வேண்டும். அடைப்பை நீக்குவதற்காகச் சில நொடிகள் மூடித் திறக்கலாம், அத்தோடு சரி.

சோக் வால்வைத் தொடாமலே இதே கோளாறு வருவதும் உண்டு. நாசில் தேய்ந்து துளை பெரிதானால் அதிகக் காற்று பாயும். 9.5 மி.மீ. துளை 11 மி.மீ. ஆகிவிட்டால் அதன் பரப்பு சுமார் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. அவ்வளவு காற்றும் சோக் வால்வு வழியாகவே வர வேண்டும் என்பதால், அந்தக் கிளையில் அழுத்த இழப்பு ஏறி, மீட்டரிங் வால்வின் இருபுறமும் இருந்த சமநிலை கெடுகிறது. உட்துளை சிறிய இணைப்புகளை அந்தக் கிளையில் பொருத்தினாலும் இதேதான். நாசிலை மாற்றாமல் இழுத்தடிப்பவர் அதன் விலையை வால்வில் கொடுக்கிறார்.

மூடுவதற்கான வால்வில் அளவைக் கட்டுப்படுத்துவது

பால் வால்வு (ball valve, துளையிட்ட உருண்டை சுழன்று திறக்கும் வால்வு) முழுவதும் திறக்கவோ முழுவதும் மூடவோ செய்யப்பட்டது. அதைப் பாதி திறந்து துகள் ஓட்டத்தைக் குறைத்தால், முழு ஓட்டமும் பிறைநிலா வடிவ இடைவெளி ஒன்றில் குவிந்து சீட்டின் (மூடும்போது உருண்டை அழுந்தி அடைக்கும் வளையத்தின்) ஒரே இடத்தில் மோதும். சீட் அறுந்த பிறகு அந்த வால்வை மூடினாலும் கசியும். ஈரமாக அடிக்கும் முறையில் தண்ணீரும் துகளும் கலந்த குழம்பு ஓடும் குழாய்களில் இந்தத் தவறு மிகச் சாதாரணம். அங்கே ரப்பர் குழாயை நெரித்து மூடும் பிஞ்ச் வால்வு மேல். ஓட்டத்தில் உலோகப் பகுதி எதுவும் படாது. அதையும் மிகக் குறுகலாக நெரித்து வைத்தால் ரப்பர் நெரிந்த இடத்திலேயே கிழியும். வளைவு முடிந்த உடனே வால்வைப் பொருத்துவதும் வேண்டாம். வளைவில் துகள்கள் வெளிப்பக்கமாக ஒதுங்கி, ஒரு பக்கத்தையே தாக்கிக்கொண்டிருக்கும்.

கடினம் என்றாலே நல்லது என்ற எண்ணம்

இதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். டங்ஸ்டன் கார்பைடு ஸ்லீவ், சாதாரண எஃகைவிடப் பல மடங்கு உழைக்கும் என்பது உண்மை. ஆனால் கடினமான பொருள் நொறுங்கும் இயல்பும் உடையது. துகள் சாய்வாக உரசும் இடத்தில் அது நன்றாகத் தாங்கும். நேர்குத்தாக மோதும் இடத்தில் விளிம்புகள் பெயரலாம். மென்மையான உலோகத்துக்கு இது தலைகீழ்: 15 முதல் 30 டிகிரி சாய்வில் வரும் துகள்தான் அதை அதிகம் அறுக்கிறது. ரப்பரும் பாலியூரிதேனும் மோதலை வாங்கித் துள்ளவிடும். கூரான துகள் உரசும் இடத்தில் கிழியும். கம்ப்ரசர் எண்ணெய் காற்றோடு கலந்து வந்தால் இயற்கை ரப்பர் உப்பி வலுவிழக்கும். ஆகவே பழைய வால்வில் பள்ளம் எப்படி விழுந்திருக்கிறது என்று பார்த்த பிறகு பொருளைத் தேர்ந்தெடுங்கள். சறுக்கிய கோடுகளா, கொத்திய குழிகளா? இரண்டுக்கும் மருந்து வேறு.

ஈரமும் குப்பையும்

காற்றில் ஈரம் இருந்தால் துகள் கட்டிகட்டியாகும். ஓட்டம் நின்றதும் வேலையாள் வால்வை மேலும் திறப்பார், பாட்டைத் தட்டுவார். கட்டி உடைந்ததும் துகள் குபுக்கென்று பாயும். குறையிருப்பது காற்றில், அடி வாங்குவது வால்வு. கம்ப்ரசர் காற்றைக் குளிரவைக்கும் ஆப்டர்கூலரும் ஈரம் பிரிப்பானும் ஒழுங்காக இருக்கின்றனவா, வடிகால் தினமும் திறக்கப்படுகிறதா என்று பாருங்கள். திரும்பப் பயன்படுத்தும் துகளைச் சலிக்காமல் கொட்டவே கூடாது. ஒரு பெயின்ட் செதிலோ கம்பித் துண்டோ மீட்டரிங் வால்வின் வாயில் குறுக்கே நின்றால், மீதி ஓட்டமெல்லாம் பக்கவாட்டில் திரும்பிச் சுவரை அறுக்கும்.

பாட்டை வாய்வரை நிரப்புவதும் கெடுதல். பாட்டின் வாயை அடைக்கும் பாப்-அப் வால்வு எழுந்து மூடும்போது அதற்கும் கேஸ்கெட்டுக்கும் இடையே துகள் சிக்கிக்கொள்ளும். அந்த மயிரிழை இடைவெளியில் 7 பார் காற்று துகளோடு சீறினால், கேஸ்கெட்டில் விரைவிலேயே வாய்க்கால் விழும். வேலை முடிந்து அழுத்தத்தை வெளியேற்றும்போதும் துகள்தூசி காற்றோடு கிளம்பி எக்ஸாஸ்ட் வால்வின் டயாபிரத்தை (வளைந்துகொடுக்கும் மெல்லிய தகட்டை) தாக்கும். அந்தக் குழாயில் துகள் பிடிக்கும் வடிகட்டி இருந்தால் அதைச் சுத்தமாக வைத்திருங்கள். இந்த வால்வு கெட்டால் அவசரத்தில் பாட்டின் அழுத்தம் வெளியேறுவது தாமதமாகும்; இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

நிறுத்தும் வரிசைக்கும் பங்கு உண்டு. துகளை மட்டும் தனியாக நிறுத்தும் வசதி இருந்தால், முதலில் துகளை நிறுத்தி, ஹோஸ் காலியாகும்வரை காற்றை ஓடவிட்டுப் பிறகு காற்றை நிறுத்துங்கள். துகள் நிறைந்த ஓட்டத்தின் மேல் வால்வு மூடினால் சீட்டுக்குள் துகள்கள் நசுங்கும்.

புதிய வால்வு மாட்டிய அன்றே, சரியான ஓட்டத்துக்குக் கைப்பிடியை எத்தனை சுற்று திறக்க வேண்டியிருந்தது என்று பாட்டின் மேலேயே எழுதி வையுங்கள். வால்வை முழுவதும் மூடிவிட்டுத் தொடங்கி, நாசில் முனையில் காற்றின் நிறம் லேசாக மாறும் அளவுக்கு மட்டும் திறந்தால் போதும். அதற்கு மேல் போகும் துகள் வேலையை வேகப்படுத்தாது. நாளடைவில் அதே ஓட்டத்துக்குக் குறைந்த சுற்றே போதுமானதாகிவிட்டாலோ, மூடிய பிறகும் துகள் கசிந்துகொண்டிருந்தாலோ, ஸ்லீவைத் திறந்து பார்க்கும் நேரம் வந்துவிட்டது. கம்ப்ரசர் காற்றைத் துண்டித்து, பாட்டின் அழுத்தமானி சுழியைக் காட்டிய பிறகே ஸ்பேனரை எடுங்கள்.