சின்னக் கடைக்குப் பெயர்ப்பலகை வைப்பது எப்படி?

அக்காவின் தையல் கடைக்குப் புது போர்டு வைக்கும் வேலையை நான்தான் எடுத்துச் செய்தேன். அதில் தெரிந்துகொண்டதை, முதல்முறை கடை போடுகிறவர்களுக்காக எழுதுகிறேன். உள்ளே வராத ஆளுக்கு நம் கைவேலை எப்படித் தெரியும்? வெளுத்துக் கிழிந்த ஃப்ளெக்ஸ் தொங்கினால், "இங்கே துணி கொடுத்தால் ஒழுங்காக வருமா" என்ற தயக்கம் வாசலிலேயே வந்துவிடும்.

1. எதிர்ப்பக்கம் போய் நில்லுங்கள்

ஆட்கள் எந்தப் பக்கமிருந்து அதிகம் வருகிறார்களோ, அங்கே நின்று மொபைலில் ஒரு படம் எடுங்கள். மின்கம்பம், மரக்கிளை, பக்கத்துக் கடையின் தார்ப்பாய் எல்லாம் அதில் தெரிந்துவிடும். 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பைக் விநாடிக்குச் சுமார் 27 அடி கடக்கும். 80 அடி தள்ளி போர்டு கண்ணில் பட்டால், படிக்க மூன்றே விநாடி.

2. என்ன எழுதுவது

அந்த மூன்று விநாடிக்குள் என்ன கடை, யார் கடை என்பது தெரிந்தால் போதும். "பிளவுஸ், சுடிதார், ஃபால்ஸ், ஓவர்லாக்" பட்டியலைக் கண்ணாடிக் கதவில் ஒட்டிக்கொள்ளலாம். போன் நம்பர் ஒன்று போதும். சாமி படம் வைக்க ஆசைப்பட்டால் கடைக்குள் வையுங்கள், போர்டில் எழுத்துக்கு இடம் வேண்டும்.

கம்பெனிக்காரர்கள் இலவசமாக வைத்துத்தரும் போர்டு வேண்டவே வேண்டாம் என்பேன். முக்கால்வாசி இடத்தில் அவர்கள் பிராண்ட், ஓரத்தில் பொடி எழுத்தில் உங்கள் பெயர். பார்க்கிறவர் மனதில் எது நிற்கும்?

தமிழ்நாட்டில் தமிழ்ப் பெயர் மேலே, பெரிதாக இருக்க வேண்டும் என்பது விதி. தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற அளவில் வரவேண்டும். டிசைன் போடும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.

3. எழுத்தின் உயரம்

10 அடி தூரத்துக்கு 1 அங்குலம் என்பது போர்டு வேலைக்காரர்கள் சொல்லும் கணக்கு. 50 அடியிலிருந்து படிக்க 5 அங்குலம். தமிழுக்கு 'க' எழுத்தின் உயரத்தை வைத்து அளந்து பாருங்கள். 'கீ'யின் சுழி மேலே போகும், 'கு' கீழே இறங்கும், அந்த இடத்தைத் தனியாக விடவேண்டும்.

4. தமிழ் எழுத்து உடையாமல் பார்ப்பது

நாங்கள் மாட்டிக்கொண்டது இங்கேதான். வாட்ஸப்பில் சரியாகத் தட்டச்சு செய்து அனுப்பிய பெயர், பிரிண்டிங் கடையின் கம்ப்யூட்டரில் வேறு மாதிரி வந்தது. நாம் அனுப்புவது யூனிகோடு, அதாவது மொபைலிலும் இணையத்திலும் இப்போது பொதுவாக இருக்கும் எழுத்து முறை. அங்கே பல இடங்களில் கோரல்டிரா என்ற டிசைன் மென்பொருளின் பழைய பதிப்பும், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களும்தான். யூனிகோடைக் கோத்துக் காட்டத் தெரியாத மென்பொருளில் 'தை'யின் கொம்பு த-வுக்கு முன்னால் வராமல் பின்னால் நிற்கும். அடுத்த எழுத்தோடு அது ஒட்டிக்கொள்ள, "தையல்" என்பது "தயைல்" என்று வாசிக்கும்படி ஆகிவிடும். வேலை அவசரத்தில் இதை யாரும் கவனிப்பதில்லை.

வழி இதுதான். இங்க்ஸ்கேப் இலவச மென்பொருள், தமிழை ஒழுங்காகக் காட்டும். அதில் பெயரை அடித்து, தேர்ந்தெடுத்து, 'பாத்' மெனுவில் 'ஆப்ஜெக்ட் டு பாத்' கொடுங்கள். எழுத்து வெறும் கோட்டோவியமாகிவிடும், இனி எந்தக் கம்ப்யூட்டரிலும் உடையாது. அதற்கு முன் ஒரு நகல் சேமியுங்கள், அப்புறம் எழுத்தைத் திருத்த முடியாது. பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். அச்சுக்குப் போகும் முன் அவர்கள் திரையில் இருப்பதைப் படம் கேட்டு வாங்கி, எழுத்துக் கூட்டிப் படியுங்கள். ஒற்று விட்டுப்போயிருக்கிறதா என்றும் பாருங்கள். தப்பும் தவறுமான போர்டு, அளவெடுக்கும் வேலையிலும் இப்படித்தான் இருப்பார்களோ என்று நினைக்க வைக்கும்.

எழுத்துருவுக்கு முக்த மலர் (Mukta Malar), கட்டமரன் (Catamaran) இரண்டும் என் தேர்வு. இலவசம், தடித்த வடிவமும் உண்டு. வளைத்து நெளித்த அலங்கார எழுத்து கல்யாணப் பத்திரிகையோடு இருக்கட்டும்.

5. எதில் செய்வது

ஃப்ளெக்ஸ் மலிவு. ஆனால் வெயிலில் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளிறும். கையில் காசு இருந்தால் ஏசிபி ஷீட்டில் (இரண்டு மெல்லிய அலுமினியத் தகட்டுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்த பலகை) அக்ரிலிக் எழுத்து. இல்லையென்றால் தகட்டில் எனாமல் பெயின்ட் அடித்து எழுதுகிற ஓவியர் உங்கள் ஊரில் இன்னும் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். அடர்பச்சையில் வெள்ளை எழுத்து, ஓரத்தில் மெல்லிய கோடு. அந்த போர்டின் களை எந்தப் பிரிண்டுக்கும் வராது, உடையும் எழுத்துத் தொல்லையும் கிடையாது.

பின்சேர்க்கை: ஃபோட்டோஷாப்பிலும் எழுத்து உடைகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். அதில் பத்தி அமைப்பில் 'வேர்ல்ட் ரெடி' என்பதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும்.

எல்இடி விளக்கு வைத்த போர்டில் மழைக்குப் பிறகு பாதி எழுத்து எரிவதில்லை என்று இன்னொருவர் கேட்டார். எல்இடிக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் நனைந்திருக்கலாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பாருங்கள். அதை போர்டுக்குள் வைக்காமல் ஷட்டருக்கு உட்பக்கம் மாட்டச் சொல்லுங்கள். உள்ளே விளக்கு வைத்த பெட்டி போர்டு என்றால் தண்ணீர் வடிய அடியில் இரண்டு ஓட்டையும் போடச் சொல்லுங்கள்.