எண்களைப் பிரிக்கவும் சேர்க்கவும் கற்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏழு மணிகளை ஐந்தும் இரண்டுமாகப் பிரிக்கலாம். நான்கும் மூன்றுமாகவும் பிரிக்கலாம். எப்படிப் பிரித்தாலும் மறுபடி சேர்த்தால் ஏழுதான். பெரியவர்களுக்குச் சொல்லவே தேவையில்லாத இந்தச் செய்தி நான்கைந்து வயதுக் குழந்தைக்கு அவ்வளவு வெளிப்படையானது அன்று. பின்னாளில் வரும் கூட்டல், கழித்தல், மனக்கணக்கு எல்லாம் இதன்மேல்தான் நிற்கின்றன. எனவே ‘ஐந்தும் இரண்டும் ஏழு, நான்கும் மூன்றும் ஏழு’ என்று வாய்ப்பாடு போல ஒப்பிக்க வைத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவதே முதல் தவறு. அப்படி ஒப்பிக்கும் குழந்தையிடம் ‘மூன்றும் நான்கும் எவ்வளவு?’ என்று வரிசையை மாற்றிக் கேட்டால் அது திகைக்கும், அல்லது ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கும்.

பிரிப்பைத் தொடங்குமுன் சோதித்துப் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒரு பொருளுக்கு ஓர் எண் என்ற ஒழுங்கு பிசகாமல் குழந்தை தொட்டு எண்ணுகிறதா என்பது ஒன்று. எண்ணி முடித்த மணிகளை அகலப் பரப்பி வைத்து ‘இப்போது எத்தனை?’ என்று கேட்டால் என்ன சொல்கிறது என்பது மற்றது. வரிசையை நீட்டி வைத்ததும் எண்ணிக்கையே கூடிவிட்டதாகச் சொல்லும் குழந்தைகளை உளவியலாளர் பியாஜே விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அந்த நிலையில் இருக்கும் குழந்தைக்குப் பிரித்த ஏழும் பிரிக்காத ஏழும் வேறு வேறாகவே தோன்றக்கூடும். அதற்கு இன்னும் கொஞ்ச நாள் எண்ணும் விளையாட்டே போதும்.

அடுத்த தவறு நல்லெண்ணத்தோடு செய்யப்படுவது, அதனாலேயே கண்ணில் படாதது. மேலே ஒரு வட்டம், அதிலிருந்து இறங்கும் இரண்டு கோடுகள், கீழே இரண்டு வட்டங்கள் என்ற படத்தைப் பல பயிற்சி நூல்களில் காணலாம். மேல் வட்டத்தில் முழு எண்ணும் கீழ் வட்டங்களில் அதன் பகுதிகளும் வரும். இந்தப் படத்தைத் தரையில் வரைந்து, மேலே ஏழு மணிகளையும் கீழே நான்கு, மூன்று என வேறு மணிகளையும் வைத்துக் காட்டுபவர்கள் உண்டு. அப்போது குழந்தையின் கண்முன் இருப்பவை பதினான்கு மணிகள். ‘மொத்தம் எத்தனை?’ என்று கேட்டால் அது பதினான்கு வரை எண்ணுவதில் பிழையே இல்லை. மேலே உள்ள அதே ஏழு மணிகளைத்தான் கோட்டின் வழியே கீழே நகர்த்த வேண்டும். மேல் வட்டம் காலியாக வேண்டும். பிறகு குழந்தையே அவற்றை மறுபடி மேலே தள்ளிச் சேர்க்க வேண்டும். பகுதிகள் முழுமைக்கு வெளியே இருப்பவை அல்ல என்பதை அந்த நகர்த்தல் காட்டுவது போல எந்த விளக்கமும் காட்டாது. மூன்று வட்டங்களிலும் எண்களை எழுதுவது அதற்குப் பிறகுதான்.

மணிகளை எப்போதும் கண்முன்னே வைத்திருப்பதும் ஒரு கட்டத்துக்கு மேல் தடையாகிவிடும், ஏனெனில் எல்லாம் தெரியும்வரை எண்ணினாலே விடை கிடைத்துவிடுகிறது. ஆறு மணிகளைக் குழந்தையே எண்ணித் தந்தபின், சிலவற்றை ஒரு கையில் மூடிக்கொண்டு மறு கையை விரித்து இரண்டைக் காட்டி, ‘மூடிய கையில் எத்தனை?’ என்று கேட்கலாம். இங்கே பெரியவர்கள் செய்யும் பிழை அவசரம்: மூன்று விநாடி மௌனத்தைப் பொறுக்காமல் ‘ஆறில் இரண்டு போனால்...’ என்று எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். குழந்தை மூன்று என்று சொன்னால் தப்பு என்று சொல்லவும் வேண்டியதில்லை. கையைத் திறந்து காட்டினாலே போதும். இந்த விளையாட்டில் கழித்தலும் தானாகவே வந்துவிடுகிறது. கூட்டலை முடித்துப் பல மாதங்கள் கழித்துக் கழித்தலைப் புதிய பாடமாகத் தொடங்குவது தேவையற்ற பிரிவினை என்றே நான் கருதுகிறேன்.

விரல்களைத் தடை செய்வதும் தவறே. ஒரு கையில் ஐந்து, இரு கைகளில் பத்து என்ற அமைப்பைவிட வசதியான கருவி வேறில்லை. எட்டைக் காட்டச் சொன்னால் ஒவ்வொரு விரலாக எண்ணி நீட்டும் குழந்தைக்கு, ஒரு கையை முழுவதுமாக விரித்து மறு கையில் மூன்றைச் சேர்க்கப் பழக்குவதே உதவி. ஐந்தின் பிரிப்புகள் கைவசமாகுமுன் பத்துக்குத் தாவவும் வேண்டாம். வரிசை மாறினாலும் ஒன்றே என்று கொண்டால் ஐந்துக்கு மூன்று சோடிகளும் பத்துக்கு ஆறும் உள்ளன. இவற்றில் பூச்சியம் சேரும் சோடியை விட்டுவிடுபவர்களே அதிகம். எல்லா மணிகளும் ஒரே கையில் இருந்து மறு கை காலியாக இருப்பதும் ஒரு பிரிப்புதான்.

எழுத்துக்கு வரும்போது சமக்குறியில் கவனம் வேண்டும். 3 + 4 = 7 என்ற வடிவத்தை மட்டுமே பார்த்து வளரும் குழந்தை, ‘=’ என்பதை ‘விடையை இங்கே எழுது’ என்ற கட்டளையாக எடுத்துக்கொள்கிறது. சில ஆண்டுகள் கழித்து 8 + 4 = ☐ + 5 என்று கொடுத்தால் கட்டத்தில் 12 என்று எழுதும் மாணவர்கள் ஏராளம். தொடக்கத்திலிருந்தே 7 = 3 + 4 என்றும், 5 + 2 = 3 + 4 என்றும் இடையிடையே எழுதிக் காட்டுவதற்குத் தனிப் பாடவேளை எதுவும் தேவையில்லை.

இத்தனைக்கும் பிறகு, பத்தைத் தாண்டும் கணக்கில் இந்தப் பிரிப்புகளைப் பயன்படுத்தக் கற்றுத்தராமல் விடுவது பெரிய இழப்பு. 8 + 5 என்பதில் எட்டுக்குப் பத்தாக இன்னும் இரண்டு வேண்டும் என்று பார்த்து, ஐந்தை இரண்டும் மூன்றுமாக உடைத்து, பத்தும் மூன்றும் பதின்மூன்று என்று சேர்க்கும்போது பத்து, ஐந்து, பதின்மூன்று ஆகிய மூன்று எண்களின் பிரிப்பும் ஒருசேரப் பயன்படுகின்றன. இரண்டு வரிசைகளில் ஐந்தைந்தாகக் கட்டங்கள் வரைந்து, எட்டில் மணிகளை வைத்துவிட்டால் மீதமுள்ள இரண்டு காலிக் கட்டங்களே குழந்தைக்கு வழி சொல்லும். கடிகாரம் வைத்து வேகச் சோதனை நடத்தினால், குழந்தை இந்த வழியைக் கைவிட்டு, பழகிய எண்ணலுக்கே திரும்பிவிடக்கூடும். ஆகவே ‘எவ்வளவு நேரத்தில் போட்டாய்?’ என்பதைவிட ‘ஐந்தை எப்படி உடைத்தாய்?’ என்று கேட்பதே இந்தக் கட்டத்தில் பயனுள்ள கேள்வி.