கூட்டைக் காக்குறது யாரு? எறும்பு, தேனீ பத்தி நாம தப்பா நினைச்சிட்டிருக்கிறது

ராணி உத்தரவு போடும், சிப்பாய்ங்க ஓடும்னு நினைக்கிறதுதான் இதுல முதல் தப்பு. ராணி முட்டை போடும், சண்டைக்கு ஆள் அனுப்புறது அதோட வேலையே இல்ல.

தேனீப் பெட்டி வாசல தள்ளி நின்னு பாருங்க. முன்னங்கால் ரெண்டையும் தூக்கி, உணர்கொம்ப முன்னால நீட்டிக்கிட்டு சில தேனீ நிக்கும், வந்து இறங்குறதுங்ககிட்ட போய் நம்ம கூட்டு வாசனைதானான்னு மோந்து பாக்கும். இதுங்கள பொறந்ததுல இருந்தே காவல்னு நினைச்சிடாதீங்க. கூட்டுக்குள்ள வேலையெல்லாம் பாத்துட்டு, ரெண்டு மூணு வார வயசுல, தேன் எடுக்க வெளிய கிளம்புறதுக்கு முன்னாடி கொஞ்ச நாள் பாக்குற வேலை இது, அதுவும் எல்லா தேனீயும் பாக்குறதில்ல. பூவுல தேன் நெறைய கிடைக்கிற சீசன்ல திருட வர்ற தேனீ கம்மி, அப்போ காவலும் கொஞ்சம் தளர்வா இருக்கும், பஞ்சம் வந்தா கெடுபிடி ஆயிடும்.

கொட்ட வர்றது பூரா இந்த வாசல் காவல்தான்னு நினைக்கிறதும் தப்பு, நெறைய பேர் உள்ள இருந்து வர்றவங்க. ஒவ்வொரு தேனீக்கும் கோவம் வர்ற அளவு வேற, சீக்கிரம் சீறுறது முதல்ல வரும், எச்சரிக்கை வாசனை ஏற ஏற மத்ததும் சேரும். கொட்டினதும் கொடுக்கு நம்ம தோல்ல மாட்டி பிஞ்சு நிக்கும், தேனீ போனப்புறமும் அந்த விஷப்பை தனியா துடிச்சிக்கிட்டே இருக்கும், கூடவே வாழைப்பழம் மாதிரி ஒரு வாசனை வரும், அதுதான் அந்த எச்சரிக்கை வாசனை, ஐசோஅமைல் அசிடேட்ங்கிற ரசாயனம், 1962லயே கண்டுபிடிச்சிட்டாங்க. அதனால அங்கயே நின்னு கைய வீசி அடிக்கிறது ரொம்ப பெரிய தப்பு, உடனே நகத்தால சுரண்டி எடுத்துட்டு வேகமா விலகிடுங்க.

இளசு முன்னால நிக்கும், கிழடு உள்ள இருக்கும்ங்கிறது நம்ம மனுஷக் கணக்கு. முசுறு எறும்புல எல்லையோரக் கூட்டுல இருக்கிறது வயசானதுங்கதான். தென் அமெரிக்காவுல பிரெஞ்சு கயானாங்கிற இடத்துல ஒரு கரையான் வகை, தாடை மழுங்கிப்போன வயசான வேலைக்காரக் கரையான் முதுகுல நீலப் படிகம் சேத்து வச்சிருக்கும், எதிரி கடிச்சா வெடிச்சு விஷத்த கொட்டிட்டு செத்துடும். 2012ல இத படிச்சப்போ எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. இளசுக்கு இன்னும் எவ்ளோ நாள் வேலை மிச்சம் இருக்கு, அத இழந்தா கூட்டுக்குதான் நஷ்டம்.

சிப்பாய் எவ்ளோ இருக்கோ அவ்ளோ நல்லதுன்னும் சொல்லாதீங்க. கரையான் சிப்பாய்க்கு தாடை பெருசு, தானா சாப்பிடக்கூட முடியாது, வேலைக்காரங்கதான் ஊட்டணும். அதனால எண்ணிக்கை தேவைக்கேத்த மாதிரி மாறும். ஃபெய்டோல்ங்கிற எறும்புல, அதே இனத்து வேற கூட்டு எறும்ப வலைக்கு அந்தப் பக்கம் காட்டினதுக்கே பெரிய தலைக்காரங்கள, அதாவது சிப்பாய்ங்கள, அதிகமா வளத்துச்சு, 1996ல வந்த ஆராய்ச்சி. அதே ஃபெய்டோல்ல சின்ன எறும்புங்கள எடுத்துட்டா, அவ்ளோ பெரிய தலைய வச்சிக்கிட்டு அந்த சிப்பாய்ங்களே போய் புழுக்குட்டிங்கள தூக்கி வளக்கும்.