கணவாயை வறுத்தால் வேலை போகும்: கான்டனீஸ் மரபுத்தொடர் பேச

ஹாங்காங்கில் பேசும் கான்டனீஸ் மொழியில் ஒருவர் 'சாவ் யவ் யூ' என்றால் சொல்லுக்குச் சொல் 'கணவாய் மீன் வறுவல்'. பொருளோ வேலைநீக்கம். சூடான வாணலியில் கணவாய்த் துண்டு சுருள்வதைப் பாருங்கள். அந்தக் காலத்தில் வேலை போனவர் பாயும் படுக்கையுமாகச் சுருட்டிக்கொண்டு கிளம்பியது அப்படித்தான் இருக்கும். இந்தக் காட்சி மனதில் நின்றால் தொடர் மறக்காது.

அன்றாடப் பேச்சில் முழுத்தொடர் தேவையில்லை. 'பெய் யான் சாவ் ஜோ', அதாவது 'வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க', போதும். அலுவலகக் கடிதத்தில் மட்டும் இது வேண்டாம். அங்கே 'காய் கூ' என்ற சொல்தான் பொருந்தும்.

அடுத்தது 'கை துங் ஆப் கோங்': கோழியும் வாத்தும் பேசிக்கொள்வது. ஒருவர் சொல்வது மற்றவருக்குப் புரியாதபோது சொல்வார்கள். நாம் தவறுவது 'ஆப்'பில். தமிழ்ப் பழக்கத்தில் உகரம் சேர்ந்து 'ஆப்பு' ஆகிவிடும். உதட்டை மூடி அப்படியே நிறுத்துங்கள், காற்று வெளியே வரக்கூடாது. சுரமும், அதாவது குரலின் ஏற்ற இறக்கமும், முக்கியம்: 'கை' உச்சத்தில், 'துங்' தாழ்வில், 'ஆப்' நடுவில், 'கோங்' கேள்வி கேட்பதுபோல் மேலே ஏற வேண்டும். நான்கு அசையையும் ஒரே மூச்சில், தினம் பத்து முறை சொல்லிப் பாருங்கள்.