டிஷ்யூ பேப்பருக்குப் பதிலாகப் பழைய பருத்தித் துணி: தண்ணீரை உறிஞ்ச வைக்கும் முறை

சமையலறையில் சிந்தியதைத் துடைப்பதற்காக மாதந்தோறும் வாங்கும் டிஷ்யூ பேப்பர் சுருளுக்குப் பதிலாகப் பழைய துணியை வெட்டிப் பயன்படுத்தலாம் என்பது எல்லோரும் அறிந்த யோசனைதான். ஆனால் அதைத் தொடங்கிய பலர் விரைவிலேயே மீண்டும் காகிதத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். இதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள் இருக்கின்றன. வெட்டிய துணி தண்ணீரை உறிஞ்சாமல் மேடை முழுவதும் இழுத்துக்கொண்டு போகிறது. அழுக்கான துணியைப் போட ஓர் இடம் இல்லாததால் அது தொட்டியின் ஓரத்திலேயே கிடந்து நாறத் தொடங்குகிறது. இவ்விரண்டையும் என் வீட்டில் சரிசெய்த முறையை இங்கே எழுதுகிறேன். உறிஞ்ச வைக்கும் படியில்தான் நானும் அதிக நேரம் செலவிட்டேன் என்பதால் அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

துணியைத் தேர்ந்தெடுத்தல்

பழைய துண்டு, பனியன், டி-ஷர்ட், படுக்கை விரிப்பு, தலையணை உறை ஆகிய எதுவும் உதவும். ஆனால் அது பருத்தியாக இருக்க வேண்டும். பருத்தி இழை செல்லுலோஸால் ஆனது. செல்லுலோஸ் தண்ணீரைத் தன்னுள் இழுத்துக்கொள்ளும். பாலியஸ்டர் இழைக்குள் தண்ணீர் ஏறக்குறைய நுழைவதே இல்லை. இரண்டும் கலந்த துணி ஓரளவு உறிஞ்சும் என்றாலும், பாலியஸ்டர் பாதிக்கு மேல் இருந்தால் அதை ஈரம் துடைக்க வைத்துக்கொள்ளாதீர்கள். உலர்ந்த தூசியைத் தட்ட அது நன்றாகவே பயன்படும்.

உடையின் உட்புறம் தைக்கப்பட்ட சீட்டில் இழைகளின் விழுக்காடு இருக்கும். சீட்டு கிழிந்துபோயிருந்தால், துணியின் ஓரத்திலிருந்து சில நூல்களை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேல் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி நூல் காகிதம் எரிவதுபோல் மணந்து, தொட்டால் உதிரும் மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருங்கி, ஆறியதும் கடினமான மணியாக நிற்கும். இரண்டும் சேர்ந்து தெரிந்தால் அது கலப்புத் துணி. உருகிய துளி தோலில் ஒட்டிச் சுடும் என்பதால் நூலை விரலால் பிடிக்க வேண்டாம்.

வெட்டுதல்

ஏறத்தாழ 30 செ.மீ. சதுரம் போதும். தையல், பொத்தான், அச்சுப்படம் உள்ள பகுதிகளை நீக்கிவிடுங்கள். துணியின் மேல் ஒட்டிய அச்சுப்படம் தண்ணீரை உறிஞ்சாது. பனியனும் டி-ஷர்ட்டும் பின்னல் துணிகள் என்பதால் வெட்டிய ஓரம் சற்றுச் சுருளுமே தவிரப் பிசிறு பிரியாது. அவற்றுக்குத் தையலே வேண்டியதில்லை. படுக்கை விரிப்பு நெசவுத் துணி. அதன் ஓரத்தை மடித்துத் தைக்க வேண்டும், அல்லது ஓரம் பற்கள்போல் வளைந்து வளைந்து விழும்படி வெட்டும் பல்வெட்டுக் கத்தரிக்கோலால் வெட்ட வேண்டும். துண்டு வெட்டிய இடத்தில் நூல் உதிர்ந்துகொண்டே இருக்கும் என்பதால் அதற்குத் தையல் கட்டாயம். தையல் இயந்திரம் இல்லாதவர்கள் டி-ஷர்ட்டிலிருந்து தொடங்குவதே நல்லது. இதற்கென்று சிறப்புக் கருவி எதுவும் வாங்கத் தேவையில்லை. துணிக்கு மட்டுமே பயன்படும் கூர்மையான ஒரு கத்தரிக்கோல் இருந்தால் போதும்.

உறிஞ்ச வைத்தல்

பருத்திதான் என்று உறுதிசெய்த பிறகும் துணி தண்ணீரைத் தள்ளினால், இழைகளின் மேல் ஏதோ படிந்திருக்கிறது என்று பொருள். அது பெரும்பாலும் துணியை மென்மையாக்க ஊற்றும் கண்டிஷனராக இருக்கும். துணியை வழுவழுப்பாக்குவதற்காகவே அது இழைகளின் மேல் மெல்லிய படலத்தை விட்டுச் செல்கிறது; அந்தப் படலமே தண்ணீர் உள்ளே போவதைத் தடுக்கிறது. உடலிலிருந்து ஏறிய எண்ணெய்ப் பசையும், சரியாக அலசப்படாத சோப்பும் இதனுடன் சேர்ந்துவிடும். சாதாரணமாக மீண்டும் ஒருமுறை துவைப்பதால் இது முழுவதும் போவதில்லை. சலவைச் சோடாவில் கொதிக்க வைக்க வேண்டியிருக்கிறது.

துணியைத் தட்டையாக விரித்து, விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். விட்ட உடனே சொட்டுப் பரவி மறைந்தால் இந்தப் படியை விட்டுவிடலாம். முத்துப்போல் உருண்டு நின்றால் மேலே தொடருங்கள்.

ஓர் எவர்சில்வர் பாத்திரத்தில் துணி தாராளமாக மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடாவையும், சில சொட்டுப் பாத்திரம் துலக்கும் திரவத்தையும் கரைத்துக்கொள்ளுங்கள். அலுமினியப் பாத்திரத்தை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. சலவைச் சோடாவின் காரம் அலுமினியத்தை அரித்துவிடும். சமையல் சோடாவைக் கொண்டு இதைச் செய்ய முயல வேண்டாம்; அதன் காரம் மிகக் குறைவு. துணியைப் போட்டு, தண்ணீர் மெதுவாகக் கொதிக்கும் நிலையில் அரைமணி நேரம் வைத்து, நீண்ட மரக்கரண்டியால் இடையிடையே புரட்டிவிடுங்கள். வெள்ளைத் துணியாக இருந்தாலும் தண்ணீர் மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறக்கூடும். நிறத்துணியாக இருந்தால் சாயமும் இறங்கும் என்பதால் இரண்டையும் சேர்த்துப் போடாதீர்கள்.

அடுப்பை அணைத்து, தண்ணீர் முழுவதும் ஆறிய பிறகு கையுறை அணிந்து துணியை எடுத்து, வழுவழுப்புப் போகும்வரை நல்ல தண்ணீரில் அலசுங்கள். அலசுவதில் அவசரப்பட்டால் சோடா துணியிலேயே தங்கிக் கையை எரிச்சலூட்டும். உலர்ந்ததும் மீண்டும் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். அப்போதும் உருண்டு நின்றால், புதிய தண்ணீரில் இன்னொரு முறை கொதிக்க வையுங்கள். அதற்குப் பிறகும் மாறாத துணி அநேகமாகக் கலப்புத் துணிதான். அதைத் தூசி தட்ட அனுப்பிவிடலாம்.

இதன் பிறகு இத்துணிகளுடன் கண்டிஷனர் சேர்க்காதீர்கள். கண்டிஷனர் ஊற்றித் துவைக்கும் வழக்கமுள்ள வீட்டில், துடைக்கும் துணிகளைத் துண்டுகளோடு ஒரு தொகுதியாகச் சேர்த்து, அந்தத் தொகுதிக்கு மட்டும் அதைத் தவிர்ப்பது எளிது. துண்டுகளும் இதனால் நன்றாக உறிஞ்சத் தொடங்கும்.

வைக்கும் இடமும் துவைப்பும்

காகிதச் சுருள் தொங்கிய அதே இடத்தில் சுத்தமான துணிகளை அடுக்கி வையுங்கள். அலமாரிக்குள் வைத்தால், சிந்திய பதற்றத்தில் எவரும் அதைத் தேடி எடுக்க மாட்டார்கள். அழுக்குத் துணிக்கு மூடியுள்ள வாளி வேண்டாம். காற்றோட்டமுள்ள கூடை வேண்டும். ஈரத்தோடு மூடி வைக்கப்படும் துணியில் கிருமிகள் பெருகுவதால்தான் நாற்றம் வருகிறது. எனவே துடைத்து முடித்ததும் அலசிப் பிழிந்து, கூடையின் விளிம்பில் விரித்துப் போடுங்கள். உலர்ந்ததும் உள்ளே தள்ளுங்கள். துவைக்கும்போது இயந்திரத்தில் 60 பாகை செல்சியஸ் வைத்துக்கொள்வது நல்லது. வெயிலில் உலர்த்த முடிந்தால் அதுவே மிகச் சிறந்தது.

இரண்டு சலவைகளுக்கு இடையே எத்தனை துணி செலவாகிறதோ அதைப்போல் ஒன்றரை மடங்கு இருந்தால் தட்டுப்பாடு வராது. இவற்றுக்கென்று தனியாக இயந்திரத்தை ஓட்டினால் மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதி தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் போய்விடும் என்பதால், வழக்கமான சலவையோடு சேர்க்கும்படி எண்ணிக்கையை அமைத்துக்கொள்ளுங்கள். மறுபயன்பாட்டுத் துணி என்று கடையில் விற்கும் புதிய துணிகளை இதற்காக வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தூக்கி எறிய இருந்த ஒன்றே இங்கு நமக்கு உண்மையான சேமிப்பு.

பச்சை இறைச்சியின் சாற்றைத் துடைக்க மட்டும் காகிதத்தை வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. துணியால் துடைத்தால், அதே துணியால் வேறொன்றைத் துடைக்காமல் உடனே அழுக்குக் கூடைக்கு அனுப்பிவிட வேண்டும்.

பின்னர் சேர்த்தவை

வெள்ளைத் துணியைப் பிளீச்சிங் திரவத்தில் ஊற வைக்கலாமா என்று படித்தவர்கள் கேட்டிருந்தார்கள். ஊற வைக்கலாம், ஆனால் அதனுடன் வினிகரையோ எலுமிச்சைச் சாற்றையோ அம்மோனியா கலந்த தூய்மைப் பொருளையோ ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.

எண்ணெய் துடைத்த துணியைப் பற்றியும் கேள்வி வந்தது. சமையல் எண்ணெயில் ஊறிய துணியைச் சூடாக உலர்த்தும் இயந்திரத்தில் போட வேண்டாம்; துவைத்த பின்னும் தங்கிவிடும் எண்ணெயால் தீப்பற்றிய நிகழ்வுகள் உண்டு. கொடியில் உலர்த்துங்கள். மரச்சாமான்களுக்கு ஆளிவிதை எண்ணெய் பூசப் பயன்படுத்திய துணி இன்னும் ஆபத்தானது. அந்த எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து உலரும்போது வெப்பம் உண்டாகிறது. துணியைக் கசக்கிக் குவித்து வைத்தால் அந்த வெப்பம் வெளியேற வழியின்றித் தானாகவே தீப்பிடிக்கும். அதை வீட்டுக்கு வெளியே தட்டையாக விரித்து முழுவதும் உலரவிட்டு, அதன் பிறகே குப்பையில் போடுங்கள். துடைக்கும் துணிகளின் கூடைக்குள் அது எந்த நிலையிலும் வரக் கூடாது.

கண்ணாடி துடைத்தால் நூல் துகள் ஒட்டுகிறது என்று எழுதியவர்கள் துண்டைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். கண்ணாடிக்கு நைந்த படுக்கை விரிப்பே பொருத்தமானது.