பழைய எம்ஜிபி காரில் ஆயில் சூடு: கூலரை மாற்றும் முன் அளந்து பாருங்கள்

பெங்களூரின் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் எம்ஜிபியின் (பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) சூடு முள் ஒருமுறை ஏறினால் போதும், பெரிய ஆயில் கூலர் (இன்ஜின் ஆயிலைக் காற்றில் ஆற்றும் ரேடியேட்டர்) மாட்டிவிடத் தோன்றும். அவசரப்படாதீர்கள். அந்த முள் காட்டுவது தண்ணீரின் சூடு. நின்று நின்று போகும்போது ஏறுவதும் பெரும்பாலும் அதுதான். ரேடியேட்டருக்கு முன்னால் பெரிய கூலரை வைத்தால் வருகிற கொஞ்சக் காற்றையும் அது மறிக்கும்.

ஆயில் 90 முதல் 110 டிகிரி செல்சியஸுக்குள் ஓடினால் நல்லது. 130-ஐத் தாண்டி நீடித்தால் நீர்த்துப்போய் இன்ஜின் பேரிங்கில் ஆயில் படலம் மெலியும். 80-ஐ எட்டாமலே ஓடினாலும் கெடுதல்தான்: உள்ளே சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகாது. ஆயில் மூடிக்கு அடியில் வெண்ணெய் போலப் படிந்திருந்தால் காரணம் பெரும்பாலும் இதுவே. பெங்களூரின் டிசம்பர் காலையில் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பல எம்ஜிபிகளில் 13 வரிசைக் கூலர் கம்பெனியிலிருந்தே வந்திருக்கும், ஆனால் அதற்குத் தெர்மோஸ்டாட் (ஆயில் சூடாகும்வரை கூலரைத் தவிர்க்கும் வால்வு) கிடையாது.

படி 1: சென்சார். 150 டிகிரி வரை காட்டும் கேஜையும் அதற்குரிய சென்சாரையும் ஜோடியாகவே வாங்குங்கள். இன்ஜினிலிருந்து கூலருக்குப் போகும் ஹோஸில் அடாப்டர் வைத்து மாட்டலாம். சம்ப் (இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) திருகில் மாட்டினால் ஸ்பீட் பிரேக்கரில் இடிபடக்கூடும். ரப்பர் ஹோஸ் வழியாக எர்த் (மின்சாரம் திரும்பும் இணைப்பு) வராது, அதனால் அடாப்டரிலிருந்து பாடிக்குத் தனி வயர் இழுங்கள். திருகில் டெஃப்லான் டேப் சுற்ற வேண்டாம், செம்பு வாஷர் போதும். எர்த் சரியில்லாவிட்டால் கேஜ் உண்மையைவிடக் குறைத்தே காட்டும். ஆபத்தான பிழை அது.

படி 2: மூன்று ஓட்டம். மாலை நெரிசலில் ஒன்று, நெடுஞ்சாலையில் 80 கிமீ வேகத்தில் அரை மணி நேரம், விடியற்காலையில் நந்தி மலை ஏற்றம். மூன்றிலும் ஆயில் சூட்டையும் அழுத்தத்தையும் குறித்து வையுங்கள். தண்ணீர் சூடேறிய பிறகும் ஆயில் சூடேற இன்னும் பத்து நிமிடமாவது பிடிக்கும்.

படி 3: 120-ஐத் தாண்டினால் முதலில் செலவில்லாதவை. ஆயிலின் தடிமன் எண் 20டபிள்யூ-50 தானா, டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவுக் குச்சி) அளவு சரியா, இக்னிஷன் டைமிங் (பொறி விழும் நேரம்) பின்தங்கியிருக்கிறதா, கூலர் இடுக்குகளில் பூச்சியும் புழுதியும் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். இவை சரியாக இருந்தும் இறங்காவிட்டால்தான் பெரிய கூலர்.

படி 4: 80-ஐ எட்டாவிட்டால் ஹோஸ்களின் நடுவே, ஏறத்தாழ 80 டிகிரியில் திறக்கும் ஆயில் தெர்மோஸ்டாட். அதில் இன்ஜின் பக்கம் இரண்டு துளை, கூலர் பக்கம் இரண்டு. ஜோடி மாறினால் ஆயில் ஓட்டமே தடைபடலாம், எனவே கழற்றும் முன் ஹோஸ்களில் குறியிடுங்கள். இறுக்கும்போது இரண்டு ஸ்பேனர் கட்டாயம்: ஒன்று கூலரின் கழுத்தைப் பிடிக்க, இன்னொன்று நட்டைத் திருக. ஒற்றை ஸ்பேனரால் திருகினால் அலுமினியக் கழுத்து முறுக்கிக் கிழியும்.

படி 5: கூலரோ தெர்மோஸ்டாட்டோ மாட்டிய பின் முதல் ஸ்டார்ட். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, இக்னிஷன் காயிலின் மெல்லிய வயரையும் எடுத்துவிட்டு, ஆயில் அழுத்த முள் எழும்வரை பத்துப் பத்து விநாடியாக ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து மூட்டுகளில் கசிவு பாருங்கள். இன்ஜினை நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பார்த்து, குறைந்ததை ஊற்றுங்கள். மேல் கோட்டைத் தாண்ட வேண்டாம், உள்ளே சுழலும் கிராங்க் தண்டு ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். 50 கிமீ ஓடியதும் மூட்டுகளையும் ஹோஸ் உரசும் இடங்களையும் மறுபடி பாருங்கள்.